வளைகாப்பில் ஒரு சாவிக்கொத்து

அந்தச் சாவிக்கொத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. தாயில்லாத பிள்ளைக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்து வளர்த்தவன் நான். பெண் பார்க்க வந்தபோதே மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காமல் சொன்னேன். தலையாட்டினார்கள். பிள்ளை வேண்டும் என்று நினைத்ததும் மகளும் மாப்பிள்ளையும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாத பழைய மாத்திரையை டாக்டர் நிறுத்தி, வேறு மாத்திரைக்குப் பழக்கப்படுத்திய பிறகுதான் அவள் கர்ப்பமானாள். தன்னைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக்கூடாது என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

டாக்டர் சொன்னது கிள்ளானில் இருந்த மாப்பிள்ளை வீட்டில் எடுபடவில்லை. சம்பந்தியம்மா கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிறு ஒன்றை வாங்கிவந்து மகளின் கையில் கட்டினார். கயிறு கட்டினால் மருந்து தொடக்கூடாதாம், தொட்டால் கயிற்றுக்குச் சக்தி போய்விடுமாம். பிள்ளைக்கும் மாத்திரை ஆகாது என்று ஊரில் சொல்கிறார்களாம். மாமியாரை எதிர்த்துப் பேச மகள் பயந்தாள். மாப்பிள்ளையோ அம்மா சொன்னால் சரி என்று இருந்துவிட்டார். பூச்சோங்கில் இருந்த எனக்கு இது எதுவும் தெரியாது.

ஏழாம் மாதம் மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு, நானும் போயிருந்தேன். கை நிறைய கண்ணாடி வளையலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகளின் கண் மேலே செருகியது. உடம்பு விறைத்துச் சரிந்தது. தாங்கிப் பிடித்து, பாயில் இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தேன். அதற்குள் சம்பந்தியம்மா இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை உருவி அவள் கைக்குள் திணித்தார். மற்ற பெண்களும் அந்தக் கையைப் பிடித்து அழுத்தினார்கள். வளையல்கள் நொறுங்கி அவள் மணிக்கட்டைக் கிழித்தன. வளையல் உடைந்தது சகுனம் சரியில்லை என்று ஒருத்தி சொல்வது என் காதில் விழுந்தது. பிள்ளை துடித்துக்கொண்டிருக்கிறாள், இவர்களுக்குச் சகுனம்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அன்று வந்தது.

"கைய விடுங்க எல்லாரும்."

"எடுக்காதீங்க சம்பந்தி, இரும்பு இருந்தாத்தான் அடங்கும்."

"மாத்திர சாப்பிட்டாளா இல்லையா?"

"கயிறு கட்டுனதுலேருந்து குடுக்கல. அலமாரியில பத்திரமாத்தான் பூட்டி வச்சிருக்கேன்."

"அலமாரி சாவி எங்க?"

சம்பந்தியம்மா என் மகளின் கையைப் பார்த்தார்.

துடிப்பு நின்று விரல்கள் தளர்ந்ததும், இரத்தம் பட்ட அந்தக் கொத்தை எடுத்துப்போய் அலமாரியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் மாத்திரை டப்பா இருந்தது. அதை எடுத்து, பழக்கத்தில் அலமாரியைப் பூட்டி, கொத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டப்பாவையும் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். வயிற்றுப் பிள்ளையின் இதயத்துடிப்பு கேட்கும்வரை நான் நானாக இல்லை. கயிற்றை நர்ஸ் கத்தரித்துப் போட்டார். மறுபடியும் மாத்திரை தொடங்கினார்கள். மகளைக் கிள்ளானுக்கு அனுப்பவில்லை, என் வீட்டுக்கே கூட்டிவந்தேன்.

ஒரு வாரம் கழித்துச் சம்பந்தியம்மா போன் செய்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என நினைத்தேன். சாவிக்கொத்து என்னிடம் இருக்கிறதா, நகை எடுக்க அலமாரியைத் திறக்கவேண்டும் என்றார்.

"ஒடச்சிக்குங்க லா," என்று சொல்லி போனை வைத்தேன்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். மகள் இன்றும் மாத்திரை சாப்பிடுகிறாள். சாவிக்கொத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.