ஏறினாலும் குற்றம், இறங்கினாலும் குற்றம்

கார் ஓட்டப் பழக வருபவர்கள் அவளைப் 'பிரேக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக் காரில் சொல்லித் தருபவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை அவள் அவசரப்பட்டு மிதித்ததே கிடையாது. "நீங்களே மிதிங்க, நான் இருக்கேன்" என்பாள். வெயிலோ மழையோ, ஐம்பதைத் தாண்டியும் அந்த இருக்கையை விடாதவளை ஒரு மாரடைப்பு வந்துதான் இறக்கியது.

ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் வந்த அன்றே ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்ததாம். அவளுக்குச் சர்க்கரை நோய் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. "மாரடைப்போட சர்க்கரையும் ஏறி இருந்தா தேறி வர்றது கஷ்டம். இனிமே கட்டுப்பாட்டுல வெச்சுக்கணும்" என்று டாக்டர் சொன்னதை அவள் அரை மயக்கத்தில் கேட்டாள். அவள் கணவர் முழு விழிப்பில் கேட்டார். வினை அங்கேதான் தொடங்கியது.

அவர் டயர் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு டயர்களைக் கழித்துப்போட்ட மனிதருக்கு இப்போது மனைவியின் விரல் கிடைத்தது. காலையில் ஒரு குத்து, சாப்பிட்ட பின் ஒரு குத்து. சர்க்கரை பார்க்கும் கருவியில் எண் கொஞ்சம் கூடினாலும் முகம் கறுத்துவிடும்.

"நேத்து என்ன சாப்பிட்ட?"

"நீங்க போட்டதைத்தான்."

"அப்புறம் எப்படி ஏறிச்சு?"

"என்னைக் கேட்டா? நானா உள்ள போய் ஏத்திவிட்டேன்?"

மறுநாள் தட்டில் சோறு இன்னும் கொஞ்சம் குறையும். எதிரே வரும் லாரிக்கு அசராதவள், உள்ளங்கை அளவுக் கருவிக்குப் பயப்பட ஆரம்பித்தாள். அவருடைய கறுத்த முகத்தைப் பார்ப்பதைவிடப் பசியோடு இருப்பதே மேல் என்று தோன்றியது. மாத்திரையை விழுங்குவாள், சாப்பாட்டில் பாதியை ஒதுக்குவாள். எண் இறங்கியது. அவரும் சிரித்தார்.

மறுபடி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன வாரம், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவருக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தாள். வாய் "வலது பக்கம்" என்றது. கை இடது பக்கம் காட்டியது. உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. சாலையோரப் பலகைகளில் எழுத்துகள் கரைந்தன. நல்லவேளை, கடைக்காரரே காரை ஓரம் கட்டினார். இன்னொரு அட்டாக்தான் என்று இருவருமே நினைத்தார்கள்.

அதுவல்ல. கணவர் பதறியடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குள் வந்தபோது நர்ஸ் அவளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, அவளுக்கு அதைக் குடுக்காதீங்க."

"குடுக்காம விட்டா எப்படித் தெளிவாங்க சார்? சர்க்கரை தரையைத் தொட்டுட்டு நிக்குது."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரொம்ப இறங்கினாலும் இதயத்துக்கு ஆபத்துதான். இப்படி இறுக்கிப் பிடிக்க யார் சொன்னது?"

"நீங்கதானே கட்டுப்பாடுன்னு சொன்னீங்க" என்றார் கணவர்.

"கட்டுப்பாடுன்னா பட்டினி இல்ல. மேல இவ்வளவு, கீழ இவ்வளவுன்னு ஒரு எல்லை இருக்கு. அதுக்கு நடுவுல இருந்தாப் போதும்."

"கீழயும் ஒரு எல்லை இருக்குன்னு முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா டாக்டர்?" என்றாள் அவள். டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதிக்கொடுத்தார். சர்க்கரை ஒரு நிலைக்கு வரும்வரை காரில் உட்காரக் கூடாது என்ற உத்தரவும் வந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வீட்டுக்கு வந்ததும் கருவியை அவர் கையிலிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"இனிமே நானே பாத்துக்கறேன்."

"உன்னை அந்தப் படுக்கையில பாத்தவன் நான்" என்றார் அவர்.

அவர் மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. இருந்தும் எரிச்சல் அடங்கவில்லை. படுத்திருந்தது அவளல்லவா?

இப்போது பயிற்சிப் பள்ளி அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறாள். "எப்போ மறுபடி சொல்லித் தருவீங்க அக்கா?" என்று கேட்பவர்களிடம், "எனக்கே தெரியலப்பா, இப்போதைக்கு வேற ஆள்கிட்ட நேரம் போட்டுத் தரட்டுமா?" என்கிறாள்.