தவிட்டுக் களிம்பும் ஏரித் தண்ணீரும்

என் அக்காவை அவள் ஆய்வகத்தில் எல்லோரும் 'தவிட்டு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். தவிட்டிலிருந்து, வெயிலின் புற ஊதாக் கதிரை விழுங்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, தோலில் பூசும் களிம்பாக்குவது அவள் வேலை. முதலில் வந்த களிம்பைக் கொண்டு சுவரில் போஸ்டர் ஒட்டலாம் என்று கிண்டல் செய்தேன். "அடுத்தது நல்லா வரும், பாரு" என்றாள். நன்றாகத்தான் வந்தது. அவளுக்கு இருக்கும் தைரியத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

அவள் இதில் இறங்கியதே மகளுக்காகத்தான். வெயில் பட்டால் அந்தப் பெண்ணுக்குத் தோல் சிவந்து கொப்பளிக்கும். நீச்சல் என்றாலோ உயிர். கடைக் களிம்பைப் பூசிக்கொண்டு நீந்திக்கொண்டிருந்தாள். அது தண்ணீரில் மட்காமல் தங்கிவிடுகிறது என்று ஏரி அலுவலகம் தடை போட்டுவிட்டது. அதற்குப் பிறகு தோழிகள் நீந்த, இவள் மரத்தடியில் அவர்கள் துண்டுகளுக்குக் காவல் இருந்தாள்.

அக்காவின் களிம்பு வெயிலைத் தடுத்தது, தோலுக்கும் ஒத்துக்கொண்டது. ஏரித் தண்ணீரில் ஒரு மாதத்துக்குள் மட்கிவிடும் என்று காட்டிவிட்டால் அனுமதி கிடைத்துவிடும். ஏரித் தண்ணீர் ஊற்றிய ஒரு குடுவையில் களிம்பையும், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றில் சர்க்கரையையும் போட்டு வைத்தாள். மாதம் முடிந்தது. களிம்பு போட்டது போட்டபடி கிடந்தது.

ஆய்வக மேலாளர் நல்ல மனிதர்தான், பொறுமைதான் கம்மி. "இத்தோட மூடிடலாம்மா" என்றார்.

வீட்டில் மகள், "பரவாயில்லம்மா, எனக்கு உக்காந்து பழகிடுச்சு" என்றாள். அதைக் கேட்டு நான் நொந்துபோனேன். மறுநாள் காலையில் அக்கா ஆய்வகத்தில் முதல் வேலையாகச் சர்க்கரைக் குடுவையைத் திறந்து மோந்து பார்த்தாள். வாடையே இல்லை. ஏரித் தண்ணீரில் ஒரு மாதம் கிடந்த சர்க்கரை கெடாமல் இருக்குமா?

அங்கேதான் பிடி கிடைத்தது. உள்ளே எந்தத் தண்ணீர் வந்தாலும் முதலில் கொதிக்கவைத்துக் கிருமி நீக்குவது அவர்கள் வழக்கம். பழக்கதோஷத்தில் ஏரித் தண்ணீரையும் கொதிக்கவைத்திருக்கிறாள். களிம்பைத் தின்ன வேண்டிய நுண்ணுயிர்களை மொத்தமாகக் கொன்றுவிட்டு, ஏன் தின்னவில்லை என்று ஒரு மாதம் காத்திருந்த கெட்டிக்காரி என் அக்கா.

நேராக மேலாளரிடம் போனாள். "சார், தப்பு களிம்புல இல்ல, என் மேலதான். தண்ணிய நான் கொதிக்க வெச்சுட்டேன். இன்னொரு மாசம் குடுங்க."

"அப்பவும் அப்படியே இருந்தா?"

"இருக்காது சார்."

இந்த முறை சேறு கலங்கிய தண்ணீரை வாளியில் மொண்டுவந்து அப்படியே ஊற்றினாள். சில நாளிலேயே சர்க்கரைக் குடுவை நாறியது. கூட வேலை செய்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். அவளுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாதக் கடைசியில் களிம்பு இருந்த இடம் தெரியவில்லை. அனுமதியும் வந்தது.

நல்ல உச்சி வெயிலில் மூவரும் ஏரிக்குப் போனோம். அக்கா மகளின் முதுகு, கழுத்து, காது மடல் என்று ஓர் இடம் விடாமல் பூசினாள். மகள் நடு ஏரி வரை நீந்திப் போய்த் திரும்பிவந்தாள். ஈரத்தைத் துடைத்துவிட்டு, தோள்பட்டையை அக்கா அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். எங்கேயும் சிவக்கவில்லை.

"இன்னொரு தடவை பூசிக்கிட்டுப் போகட்டுமாம்மா?"

'வெயில் தாழட்டும்' என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்த அக்கா, "போ" என்றாள்.