ஒற்றைப் புரியில் நின்ற இன்ஜின்

சோற்றுத் தூக்கோடு பட்டறை வாசலில் நின்றேன். உள்ளே என் வீட்டுக்காரர் இன்ஜினுக்கு அடியில் கிடந்தார்.

எழுபதுகளின் கடைசி. வைகாசி மாதம், ஒரு சனிக்கிழமை, உச்சி வெயில். உத்திரமேரூருக்கு வெளியே ஆயில் இன்ஜின் ரிப்பேர் செய்கிற பட்டறை அவருடையது. இடம் சின்னது. உடனே தேவைப்படாத இன்ஜின்களைச் செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியில் தூக்கி, மேலே இரும்புப் பரணில் ஏற்றிவிடுவார். அன்றைக்குத் தனியாக ஏற்றியிருக்கிறார். இரண்டு கயிறு கட்டி இடுப்புயரம் தூக்கியதும் ஒரு கயிறு நழுவிவிட்டது. இன்ஜினின் ஒரு முனை அவரைச் சாய்த்து, தொடைமேல் ஏறி அழுத்திக்கொண்டிருந்தது. மறுமுனை மட்டும் கொக்கியில் தொங்கியது. அவருக்கு மூச்சு இருந்தது. பேச்சு இல்லை.

ரோட்டுக்கு ஓடிக் கத்தினேன். ஒரு ஆள் இல்லை. திரும்பி வந்து தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

கப்பியை இயக்குகிற கைச்சங்கிலி இரண்டு சரமாகத் தொங்கியது. ஒன்றை இழுத்தால் பாரம் ஏறும், மற்றதை இழுத்தால் இறங்கும். எது எதுவென்று எனக்குத் தெரியாது. நான் நடவுக்கும் களைக்கும் போகிறவள். தப்பானதை இழுத்தால் மொத்தப் பாரமும் அவர்மேல் இறங்கும்.

முட்டி போடக்கூடத் தோன்றவில்லை. நின்றபடியே அழுதேன். "ஆண்டவரே, எனுக்கு ஒண்ணும் தெரியல. நீயே இழு."

வலது சரத்தைப் பிடித்திருந்த என் கையை யாரோ மெல்ல விலக்கியது போல இருந்தது. இடது சரத்தை இழுத்தேன். டக், டக் என்றது. பாரம் ஏறும்போது வரும் சத்தம், சோறு கொண்டுவரும்போதெல்லாம் வாசலில் நின்று கேட்டது. அவர் தொடைக்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அதற்குள் கை ஓய்ந்து சங்கிலியை விட்டுவிட்டேன். போச்சு என்று நினைத்தேன். இன்ஜின் இறங்கவில்லை. அக்குளில் கைகொடுத்து அவரை வெளியே இழுத்தேன்.

பக்கத்துக் கழனிக்காரர் ரெட்டியார் அப்போதுதான் என் சத்தம் கேட்டு ஓடி வந்தார். அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இன்ஜினைத் தாங்கிய கயிறு மூன்று புரி சேர்த்து முறுக்கியது; அதில் இரண்டு புரி அறுந்திருந்தன.

"இந்த ஒத்தப் புரியா இத்தப் புடிச்சிக்கினு கீது?" என்றார். பிறகு கைகூப்பினார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கண் விழித்த என் வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். சங்கிலியை விட்டாலும் பாரம் நிற்க உள்ளே பிரேக் இருக்கிறது என்று விளக்கினார். கயிற்றைப் பற்றிக் கேட்டேன்.

"ஒத்தப் புரி அவ்ளோ பாரம் தாங்காது, மேரி" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து கோயில் படி மிதிக்காத மனுஷன், உடைந்த கால் கூடியதும் கோலை ஊன்றிக்கொண்டு கோயிலுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்றைக்கும் கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பார். கம்பிக் கயிறு இல்லாமல் பாரம் தூக்குவதில்லை. தூக்குமுன் தலை குனிந்து ஒரு வார்த்தை ஜெபிக்காமலும் தூக்குவதில்லை.

அன்பானவர்களே, கஷ்டம் வரும்போது கண்ணை மூட நேரம் இருக்காது, நல்ல வார்த்தையும் வராது. கையில் சங்கிலியைப் பிடித்தபடியே கூப்பிடுங்கள். என் குரலைக் கேட்டவர் உங்கள் குரலையும் கேட்பார்.