வாங்க வந்தவன் வேஷம்

வெள்ளிமலைச் சந்தையில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். கீழேயிருந்து வேனில் வந்த குழு மதுவுக்கு எதிராக நாடகம் போடுகிறது. சாராயம் காய்ச்சுகிறவன் மலைக்காரன். அழுக்கு வேட்டி, கோமாளி நடை. சந்தைக்கு வந்த கீழூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றி எரிகிறது. கல்லூரியில் அமெரிக்க நாடகம் படித்து, மேடை என்பது ஒரு சமூகம் தன்னையே விசாரித்துக்கொள்ளும் இடம் என்று பரீட்சையில் எழுதியவன் நான். இங்கே விசாரணை முழுக்க அடுத்தவன் மேல்தான்.

கடுக்காய் விற்கும் அக்கா ஒருவர் ஆட்டத்துக்கு நடுவே நுழைகிறார்.

"நிறுத்துங்கப்பா! சாராயக்காரன்னு எம்புள்ளைய கீழ எவனும் வேலைக்கு வெச்சிக்க மாட்றான். நீங்க வேற ஆடிக் காட்டிக்கினு... கீழேர்ந்து வந்து வாங்கிக் குடிச்சவன் எங்க? அவன் வேசம் யாரு கட்றது?"

"அப்டி ஒரு வேசமே இல்லக்கா. ஓரமா போங்க" என்கிறார் மேளக்காரர். மேளம் அக்காவின் குரலை அமுக்குகிறது.

நான் உள்ளே போய் நிற்கிறேன்.

"எனக்கும் கீழதாங்க, சின்னசேலம். அந்த வேசத்த நான் கட்றேன். அடிங்க மேளத்த."