பெட்டியில் பிழையில்லாத டார்ச்

ஆறே முக்காலுக்கு விலக்கில் பஸ் நிற்கும். அவள் இறங்குவாள்.

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற அந்த இடத்தில் ஒரு நிழற்குடை, ஒரு வேப்பமரம், நிரந்தரமாக மூடிவிட்ட ஒரு டீக்கடை. அங்கிருந்து வீடு மூன்று கிலோமீட்டர். பாதித் தூரம் கண்மாய்க் கரைமேல் போகவேண்டும். இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் வயல் பள்ளம், நடுவில் ஒரு வண்டியும் ஒரு மாடும் உரசாமல் தாண்டிக்கொள்ளும் அளவுக்குத் தார். புதுக்கோட்டையில் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்ற கால்களோடு என் மனைவி என் பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்காருவாள். மடியில் சாப்பாட்டுப் பை. என் தோளில் ஒரு கை. அந்தக் கையைப் பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் இறக்குவதுதான் என் சாயங்கால வேலை. பல வருஷமாக அதை வேலை என்றே நினைத்ததில்லை.

ஐப்பசி வந்தது. பொழுது சீக்கிரம் சாய்ந்தது. அந்த மூன்று கிலோமீட்டர் நீள ஆரம்பித்தது.

ரோடு பாதியில் கரைந்துபோகும். கரையின் விளிம்பு எது, விளிம்பில் நிற்கும் நாணல் எது, அந்தப் பக்கத்துத் தண்ணீர் எது, எல்லாம் ஒரே மையாக ஊறிவிடும். முகப்பு விளக்குதான் மங்கிவிட்டது என்று மெக்கானிக்கிடம் போனேன். பல்பை மாற்றினார். ஒரு வாரம் கழித்து மறுபடி போனேன். வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"அண்ணே, லைட்டு நல்லாத்தான் எரியுது. இதுக்கு மேல வெளிச்சம் வேணும்னா நீங்க ஏரோப்ளேன்லதான் வீட்டுக்குப் போகணும்."

சிரித்துவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் டார்ச் தேட ஆரம்பித்தேன்.

முதலில் வாங்கியது பிளாஸ்டிக் டார்ச். அடியில் மூடியைத் தள்ளினால் இரண்டு பின் வெளியே வரும். அப்படியே சுவரில் சொருகி சார்ஜ் ஏற்றலாம். சைக்கிள் டியூபைக் கீறி வாராக்கி ஹாண்டில்பாரில் இறுக்கிக் கட்டினேன். முதல் நாள் பகலை அள்ளிக் கொட்டியது. பத்தாம் நாள் நீர்த்துப்போன மோர்போல ஒரு வெளிச்சம். இரண்டாவது, கறம்பக்குடிச் சந்தையில் தார்ப்பாய் விரித்து விற்றவரிடம் வாங்கியது. தலையை முன்னால் இழுத்தால் வெளிச்சம் குவிந்து தூரத்துச் சுவரில் ஒரு சதுர நிலா விழும். எங்கோ ஒரு பனையின் உச்சியைக் காட்டியது. சக்கரத்துக்கு முன்னால் இருந்த குழியைக் காட்டவில்லை. மூன்றாவது, போனில் பார்த்து வரவழைத்தது. பேட்டரி மூடியைத் திருகினேன். பெரிய கூட்டுக்குள் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு பேட்டரி, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் அட்டை.

மூன்று டார்ச்சும் அலமாரிமேல் வரிசையாக நின்றன. பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "ஏங்க, பேய் ஓட்டப் போறீங்களா? ஊர்ல ஆளாளுக்குப் போன் வெளிச்சத்துலயே போய்ட்டு வாராங்க."

"போன ஒரு கையில புடிச்சுக்கிட்டு வண்டி ஓட்டவா?"

"வண்டியில லைட்டு இருக்குல்ல."

"அது பத்தல."

"எனக்குப் பத்துது."

பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். பின்னால் உட்கார்ந்து அவள் சும்மாவும் வருவதில்லை. "பள்ளம்." "மாடு நிக்கிது." "இங்கிட்டு ஒதுங்குங்க, சைக்கிள் வருது." வழி முழுக்க அந்தக் குரல் என் பிடரியில் மோதிக்கொண்டே வரும். வண்டியை நான் ஓட்டுகிறேனா இவளா என்று கோபம் வரும். ஆனால் குரல் சொன்ன பக்கம் கை தானாகத் திரும்பும்.

நான் அன்னவாசலில் ஓர் அச்சகத்தில் பிழை பார்க்கிறவன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, இடையில் யாரும் கேட்காமல் என் நோட்டில் சில வரிகள். திருநிறைச்செல்வியில் 'ச்' விட்டுப்போய்விட்டால் ஒரு கை தூரத்திலிருந்தே என் கண்ணில் முள்ளாகக் குத்தும். அதனால் டார்ச் வாங்குவதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெட்டியைப் படிப்பது. அதுவரை வாங்கிய மூன்று பெட்டியிலும் எழுத்துப்பிழை. நீர் புகாது என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஒன்றில் ஓர் எழுத்தைக் காணோம், இன்னொன்றில் ஓர் எழுத்து அதிகம். பெட்டியைச் சரியாக எழுதத் தெரியாதவன் உள்ளே பேட்டரியை மட்டும் சரியாக வைப்பானா? பிழையில்லாத பெட்டியில் பிழையில்லாத டார்ச் இருக்கும். இதை நான் முழு மனதோடு நம்பினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மின்சாரச் சாமான் கடை. ஓர் அம்மா நடத்துகிறார். ஃபேனுக்குக் காயில் கட்டுவதிலிருந்து மிக்ஸிக்குக் கார்பன் மாற்றுவதுவரை அவர் கைதான். என்னைப் பார்த்ததும் "வாங்க பிரஸ்ஸு சார், இன்னைக்கு யாரு செத்தா?" என்றார். நான் டார்ச் கேட்டேன். மூன்று டார்ச் கதையையும் சொன்னேன்.

"வெள்ளையா அடிக்கிறத பாத்து ஏமாந்துருப்பீங்க. எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. வெள்ள கண்ணுலதான் அடிக்கும். நம்ம செம்மண்ணுல பள்ளம் மேடு தெரியணும்னா வெளிச்சம் லேசா மஞ்சளா இருக்கணும். வாட்டு, மீட்டருன்னு போட்டுருக்கதெல்லாம் அவிங்க இஷ்டத்துக்கு அடிக்கிறது. இதப் பாருங்க."

கைக்கு அடங்கிய அலுமினிய டார்ச். நடுவில் ஒரு பளிச்சென்ற வட்டம், அதைச் சுற்றி அகலமாக, மெல்லிசாகப் படர்கிற வெளிச்சம். பேட்டரி தனியே வரும். வீணானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மூணு மணி நேரம் ஒரே மாதிரி எரியும் என்றார். விலையும் எனக்கு எட்டுகிற விலை.

"ஷட்டர இறக்கிப் போட்டுக் காட்டவா? பகல்ல எல்லா டார்ச்சும் ஒண்ணுதான் சார்."

"வேணாம்" என்றேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்திருந்தேன். ஆறு பக்கம். ஒரு பிழை இல்லை.

நான்காம் நாள் அது நடந்தது.

பொழுது முழுசாகப் போகவில்லை. மேற்கே ஒரு கோடு சிவப்பு மீதமிருந்தது. புது டார்ச் ஹாண்டில்பாரில் எரிகிறது, முகப்பு விளக்கும் எரிகிறது. கண்மாய்க் கரை ஏறி முதல் வளைவு. அவள் அன்றைக்குப் பேசவில்லை. தலைவலி என்று என் முதுகில் சாய்ந்திருந்தாள். வெளிச்சத்தின் வட்டத்துக்குள் தார் ஓடிவந்துகொண்டே இருந்தது. தார், தார், தார். நான் நிம்மதியாக இருந்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. மதகுக்குப் பக்கத்தில், ஐயோ என்ற சத்தம் என் காதுக்குள் வெடித்தது. "ஏங்க!" கை பிரேக்கை நசுக்கியது. வண்டி சறுக்கி, என் இடது தோளை ஓர் இரும்பு அறைந்தது. விழுந்தோம். கண்மாய்ப் பக்கம் இல்லை. அதற்கு என் திறமை காரணமில்லை.

தண்ணீர் டேங்க் வைத்த டிராக்டர் டிரெய்லர். டிராக்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். டிரெய்லர் மட்டும் ஓரத்தில் நிற்கிறது. நெஞ்சு உயரத்துக்கு இரும்பு, அதற்குமேல் கறுப்பு டேங்க். அவள் முழங்கை சிராய்த்து ரத்தம். சாப்பாட்டுப் பை சரிவில் உருண்டு கிடந்தது.

"இவ்வளோ பெருசு நிக்கிது! வீடு மாதிரி நிக்கிதுங்க!"

"டார்ச்சு காட்டல" என்றேன்.

டார்ச் கழன்று தரையில் கிடந்தபடி அந்த டிரெய்லரின் ஒவ்வொரு திருகாணியையும் காட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் கடைக்குப் போனேன். சண்டைக்குத்தான் போனேன். ஒயர் வாங்க வந்த ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டார்ச்சைப் பெட்டியோடு கண்ணாடி மேசைமேல் வைத்தேன்.

"நல்ல பொருள்னு சொல்லிக் குடுத்தீங்க. நேத்து எங்க வீட்ல செத்துப் பொழச்சிருக்கா."

அந்த அம்மாவின் முகம் மாறியது. டார்ச்சைப் போட்டுப் பார்த்தார், உள்ளங்கையால் மூடினார்; சதை சிவப்பாக எரிந்தது. "அண்ணே, அந்த ஷட்டர இறக்குங்க" என்றார் ஒயர்க்காரரிடம்.

ஷட்டர் கடகடவென்று இறங்கியது. வெளியே உச்சி வெயில், உள்ளே ஒரு நொடியில் இருட்டு. அடியில் மட்டும் ஒரு வெள்ளை நூல்.

"இந்தப் பெட்டியப் படிங்க சார்."

படித்தேன். அவர் அதன்மேல் பிடித்த வெளிச்சத்தில், அடிமூலையில் எறும்புபோல் இருந்த எழுத்துவரை, தடுமாறாமல்.

"அந்தச் செவுத்துல என்ன இருக்கு?" வெளிச்சத்தைச் சுவரில் பாய்ச்சினார்.

"சுவிட்ச்போர்டு. மேல காலண்டர். கார்த்திகை கிழிக்கல."

"கிழிக்கல, சரி. அப்ப டார்ச்சுல என்ன கொறை? இந்தாங்க, புதுப் பேட்டரி. இதையும் போட்டுத்தான் பாத்துருவோம்."

நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

"புடிங்க சார்."

"எங்க?"

ஒயர்க்காரர் சிரித்துவிட்டார். "என்ன பிரஸ்ஸுக்காரரே, ஒங்க நெஞ்சுக்கு நேரா நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க, எங்கன்னு கேக்குறீங்க?" சிரிப்பு பாதியில் நின்றது. அந்த நிறுத்தம்தான் என்னைத் தொட்டது. கையை நீட்டித் துழாவினேன். காற்று. கொஞ்சம் இடப்பக்கம். இன்னும் காற்று. பிறகு அந்த அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்துப் பேட்டரியை உள்ளங்கையில் வைத்தன.

அந்தப் பேட்டரி அவர் கண்ணுக்கும் தெரிந்திருந்தது, ஸ்டூலில் இருந்தவருக்கும் தெரிந்திருந்தது. அந்த இருட்டு அவர்கள் இருவருக்கும் இருட்டே இல்லை.

ஷட்டர் ஏறியது. வெயில் கண்ணை அடித்தது. அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "வண்டியில பின்னாடி யாரு வாராங்க சார்?"

"வீட்ல."

"டார்ச்ச வச்சுக்கங்க. அது நல்ல டார்ச்சு. வண்டிச் சாவிய வீட்ல குடுத்துருங்க. கண்ண மொதல்ல காட்டுங்க."

அன்று பாதி நாளோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். நான்கு டார்ச்சையும் எடுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளம், மாடு, இங்கிட்டு, அங்கிட்டு. இத்தனை நாளும் என் வண்டி எந்த வெளிச்சத்தில் ஓடியது என்று எனக்குப் புரிந்துகொண்டே வந்தது. நேற்று ஒருநாள் அவளுக்குத் தலைவலி.

ஐந்து மணிக்கு, வெயில் இருக்கும்போதே, விலக்குக்கு நடந்தே கிளம்பினேன். வெளிச்சம் இருக்கிறவரை எல்லாம் தெரிந்தது. டிரெய்லர் அதே இடத்தில் நின்றது. தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

பஸ் நின்றது. இறங்கியதும் என்னைச் சுற்றிப் பார்த்தாள்.

"வண்டி எங்கங்க? பஞ்சரா?"

"வீட்ல நிக்கிது. இனிமே ஓட்டல."

ஷட்டர், பேட்டரி, சுவரில் இருந்த காலண்டர் எல்லாவற்றையும் சொன்னேன். நிழற்குடையின் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸின் சிவப்பு விளக்கு சின்னதாகிப் போய் மறைந்தது.

"எத்தன நாளா இப்புடி?"

"தெரியல. டார்ச்சுதான் சரியில்லன்னு நெனச்சேன்."

"என்னையப் பின்னால வச்சுக்கிட்டா?"

சிராய்த்த முழங்கையைச் சேலை முந்தானையால் மூடிக்கொண்டாள். "நீங்க பாட்டுக்கு ஏதோ நெனப்புல ஓட்டுறீங்கன்னு நெனச்சேன். கவிதையோ கண்றாவியோன்னு" என்றாள். எழுந்து என் கையிலிருந்து டார்ச்சை வாங்கிக்கொண்டாள்.

நடந்தோம். அவள் வலப்பக்கம், நான் இடப்பக்கம். கரை ஏறியதும் என்னை இழுத்து வலப்பக்கமாக மாற்றிவிட்டாள். தண்ணீர் இப்போது அவள் பக்கம். வெளிச்சம் காலடியில் அகலமாக விழுந்தது. வட்டத்துக்குள் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. வட்டத்துக்கு வெளியே எனக்கு உலகம் இல்லை. அவள் பள்ளம் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குள் கால் வைக்க எனக்குப் பயமாக இருந்தது.

திடீரென்று நின்றாள். வெளிச்சம் தரையைவிட்டு அசையவில்லை.

"அந்த டிரெய்லரு எங்க நிக்கிதுன்னு சொல்லுங்க."

முன்னால் பார்த்தேன். கண்ணை இடுக்கினேன். மதகு இன்னும் வரவில்லை என்று கணக்குப் போட்டேன்.

"முன்னாடி. இடது பக்கம்."

"அதத் தாண்டி வந்தாச்சுங்க" என்றாள்.

என் கையை இறுகப் பிடித்தாள். பிடித்த கையை விடாமல், மற்றக் கையிலிருந்த டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்தாள். கடை முதலாளியிடம் நாளைக்கு லீவு என்றாள். எதுக்கு என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

"திருச்சிக்குக் கண்ணாஸ்பத்திரிக்கு. ஆமா, ரெண்டு பேருந்தான். பஸ்லதான் போறோம்" என்றாள். போனை வைத்துவிட்டு, டார்ச்சைக் கையில் எடுத்து, கீழே காட்டினாள்.

"பள்ளம்."