அத்தைக்கு ஊற்றிய தண்ணீர்

‘தலைமுழுகுதல்’ என்ற சொல்லை யாராவது சாதாரணமாகச் சொன்னால்கூட எனக்கு இன்றும் நெஞ்சு திக்கென்கிறது. ஏழு வயதில், யாங்கோனில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, அந்தச் சொல்லை என் அத்தையின் மேல் எறிந்தவள் நான். பூத் தூவுவதாக எண்ணிக்கொண்டு.

அத்தை அப்பாவுக்கு மூத்தவர். முப்பது ஆண்டுகளாகப் பர்மியப் படங்களில் நடித்துவந்தார். சுவரொட்டியில் அவர் பெயர் வந்ததே இல்லை. ஆனால் அவர் முகத்தை அறியாத தெருவும் இல்லை. கொடுமைக்கார மாமியார், கோள்மூட்டும் பக்கத்து வீட்டுக்காரி, மாற்றாந்தாய் என்று கதாநாயகியை அழவைக்க ஒருத்தி வேண்டுமென்றால் அவரைத்தான் அழைப்பார்கள். எங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்ட்டின் சந்தையில் மீன்காரி ஒருத்தி, “மருமகளுக்கு விஷம் வச்ச கைக்கு என் மீனைத் தரமாட்டேன்” என்று முறைத்தாள். அத்தை, “விஷம் தீர்ந்துபோச்சு, பயப்படாம குடு” என்றார்.

இவற்றையெல்லாம் அப்பா பொறுத்துக்கொண்டார். அத்தை தமிழ்ப் பெண்ணாக நடித்த படத்தை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. கொச்சைப் பர்மியத்தில் உளறி, சேலை தடுக்கி, சாக்கடையில் விழுகிற வேடம். அரங்கு குலுங்கிச் சிரித்தது. மறுநாளே பள்ளியில் பிள்ளைகள் என்னைக் கண்டதும் உளறிக்காட்டி விழுந்தார்கள். அந்த வேடத்தை மறுத்திருந்தால் அத்தைக்கு அடுத்த அழைப்பு வந்திருக்காது. ஏற்றதன் விளைவு எங்களைப் போன்ற பிள்ளைகள்மேல் விழுந்தது. இன்றும் இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கிறேன். தராசு முள் நிலைகொள்ள மறுக்கிறது.

நான் அழுதுகொண்டு வந்த அன்று அப்பா அம்மாவிடம் சொன்னார்: “நம்ம சனத்தையே சந்தி சிரிக்க வச்சுட்டாங்க. இனிமே எனக்கு அக்கா கிடையாது. தலைமுழுகியாச்சு.”

எனக்குப் பர்மியம்தான் சரளம், தமிழ் அரைகுறை. அப்பா படபடவென்று சொன்னதில் ‘அக்கா’, ‘தலைமுழுகியாச்சு’ என்ற இரண்டு சொற்களே என் காதில் தங்கின. செத்தவருக்காகக் குளிப்பதுபோல் குளித்து உறவை அறுப்பதையே அச்சொல் குறிக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் கண்ட தலைமுழுக்கு வேறு. புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவில் எங்கள் தெருப் பெண்கள் மூத்தோரை மணையில் உட்காரவைத்து, மரப்பட்டையும் சீயக்காயும் ஊறிய நீரால் அவர்கள் தலையைக் கழுவி வணங்குவார்கள். மூத்தவருக்குச் செய்யும் மரியாதைகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை. அப்பா தம் அக்காவுக்கு அதைச் செய்யத் தீர்மானித்துவிட்டார் என்று மகிழ்ந்தேன்.

திருவிழாவின் கடைசி நாள், சமாதானத்துக்காக அரிசி உருண்டைத் தட்டோடு அத்தை வந்தார். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். வாசலில் தண்ணீர்ப் பீப்பாயருகே நான் நின்றிருந்தேன்.

“அத்தை! அப்பா உங்களைத் தலைமுழுகியாச்சாம்!”

படத்தில் அவர் அதிர்ந்தால் கை மார்புக்குப் போகும், கண் அகலும், தட்டு விழும். அன்று தட்டு விழவில்லை. முகம் மட்டும் யாருடையதோபோல் ஆயிற்று.

“யாரு சொன்னா?”

“அப்பாவேதான். நானும் ஊத்தட்டுமா?”

அவர் என் கையிலிருந்த செம்பையும் என் சிரிப்பையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு பீப்பாயருகே கிடந்த மணையில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார். “ஊத்து கண்ணு.”

நான்காவது செம்பு ஊற்றும்போது அப்பா வந்தார். நெற்றியில் திருநீறு, கால்கள் தெருவிலேயே நின்றுவிட்டன. ஈரம் சொட்டும் தலையை நிமிர்த்தாமல் அத்தை சொன்னார்: “தம்பி, நீ சொன்னதை உன் மக செஞ்சு முடிச்சுட்டா.”

அடுத்தது அப்பாவின் முறை என்று நினைத்துச் செம்பை நிரப்பி நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். கை நடுங்கியதில் பாதித் தண்ணீர் அவர் காலிலேயே சிந்தியது. மீதியை, அத்தையின் கண்ணில் வழியாமல் நெற்றியில் உள்ளங்கையை அணைகொடுத்து, மெல்ல ஊற்றினார்.

“ஏம்ப்பா கை நடுங்குது?”

கண்ணைத் திறக்காமலே அத்தை பதில் சொன்னார்: “தண்ணி சில்லுன்னு இருக்கு கண்ணு, அதான்.”

சித்திரை வெயிலில் நாளெல்லாம் காய்ந்த பீப்பாய் அது, தண்ணீர் சுட்டது. என் விரல்கள் அதை அறிந்திருந்தும் நான் அவரை நம்பினேன். அவ்வளவு நன்றாகச் சொன்னார் அத்தை.