மாடியில் முளைத்த டிஷ்

அப்பா இருபது வருடமாகக் கேபிள்காரர். தெருவில் யார் வீட்டில் படம் நின்றாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார்.

அன்று மத்தியானம் வீடு திரும்பியவர் வாசலிலேயே உறைந்து நின்றார். எங்கள் மொட்டைமாடியில் வேறு கம்பெனியின் டிஷ் ஆன்டெனா!

“யார் வச்சது? ஊரே கைகொட்டிச் சிரிக்குமே!”

“நான்தான்,” என்றாள் அம்மா. “நம்ம டிவியில படம் வந்து ஆறு மாசம் ஆச்சு. எப்ப சொன்னாலும் ‘இதோ பாக்கறேன்’னு படியிறங்கிடுவீங்க.”

“ஆறு மாசமா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தோளில் தொங்கிய கேபிள் சுருளைக்கூட இறக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்தார்.

செல்போன் அடித்தது. யார் வீட்டிலோ படம் நின்றிருக்கும். அப்பா முதல்முறையாக அதை எடுக்கவில்லை.